சேலத்தில் ரியல் எஸ்டேட் தொடங்குபவர்கள் வெப்சைட் போடுவது எப்படி?

ஓமலூர்ப் பக்கம் ஒரு மனையைக் காட்டிவிட்டு வருகிறீர்கள். பார்ட்டிக்கு இடம் பிடித்துவிட்டது. ‘வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போகும். மகன் இடத்தையும் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. உங்கள் விசிட்டிங் கார்டின் போட்டோ வாட்ஸப்பில் வந்திருக்கும். அதில் உள்ள பெயரை கூகுளில் அடித்துப் பார்ப்பார்.

உங்கள் வெப்சைட்டை அந்த மகனுக்காகத்தான் கட்ட வேண்டும். சேலத்தில் கொலுசுப் பட்டறை, சேகோ ஆலை, ரியல் எஸ்டேட் என்று பலருக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். ரியல் எஸ்டேட்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ‘முகப்பில் படம் ஓடுற மாதிரி வேணுங்க’ என்பதுதான். ஓடும் படத்தை அந்த மகன் அரை நொடிகூடப் பார்க்க மாட்டார். இவர்கள் யார், ஆபீஸ் எங்கே, அப்பா பார்த்த மனைக்கு அப்ரூவல் நம்பர் என்ன என்று தேடுவார். கிடைத்தால் மறுநாள் உங்களுக்கு போன் வரும்.

முதலில், நீங்கள் செய்வது என்ன தொழில்?

இதைத் தெளிவாக்காமல் டொமைன் எனப்படும் வெப்சைட் முகவரியைக்கூட வாங்காதீர்கள். ‘ரியல் எஸ்டேட்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து தொழில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெப்சைட் வேறு, சட்டமும் வேறு.

செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ ஒரு பழைய வீட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கி, சரிசெய்து, விற்பதோ வாடகைக்கு விடுவதோ ஒரு வகை. இதற்கு வாங்குபவர்களைவிட விற்பவர்கள்தான் முக்கியம். ‘பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்காத வீடு’, ‘வாரிசுகள் வெளியூரில்’ போன்ற சிக்கலோடு வருகிறவர்களிடம் பேசும் ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். எந்தப் பத்திரங்களைக் கேட்பீர்கள், எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள், அட்வான்ஸ் எப்போது தருவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அடுத்தது புரோக்கர் வேலை. ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவான மனைப்பிரிவிலோ அப்பார்ட்மெண்டிலோ விற்பனைக்கு நடுவில் நிற்பதானால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி நீங்களும் ஏஜெண்டாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை முகப்பிலேயே போடுங்கள்.

மூன்றாவது, இடம் வாங்கி லேஅவுட் போட்டு, அதாவது மனைகளாகப் பிரித்து விற்பது. இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இடம் 500 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரேரா பதிவு வேண்டும். நம் கணக்கில் அது பன்னிரண்டரை சென்ட்கூட வராது. பதிவு எண் கைக்கு வரும் முன் விளம்பரமே செய்யக் கூடாது. முன்பதிவும் வாங்கக் கூடாது. வெப்சைட் விளம்பரம் இல்லை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான். ‘விரைவில் வருகிறது, இப்போதே முந்துங்கள்’ என்று ஒரு பக்கம் போட்டுவைப்பதும் இதில் அடங்கும். அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம். பதிவு வந்த பிறகும், விளம்பரத்தில் ரேரா குழுமத்தின் இணையதள முகவரியையும் உங்கள் பதிவு எண்ணையும் கண்ணில் படும்படி போட வேண்டும்.

நாலாவது வகையை வேண்டாம் என்று சொல்லத்தான் இங்கே எழுதுகிறேன். ‘எங்களிடம் ஒரு லட்சம் முதலீடு செய்யுங்கள், நிலத்தில் போடுகிறோம், மாதம் இரண்டு சதவீதம் நிச்சயம்’ என்று வெப்சைட்டில் எழுதிவிட்டால் உங்கள் தொழில் ரியல் எஸ்டேட்டாக இருக்காது, டெபாசிட் வாங்குவதாக மாறிவிடும். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997 முதலே இருக்கிறது. அதற்கு மேல், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. 2012இல் ஈமு கோழி முதலீட்டு மோசடி விவகாரம் கொங்குப் பக்கம் எத்தனை வீடுகளை உலுக்கியது என்பதை ஊரே பார்த்தது. நாலு நண்பர்கள் சேர்ந்து இடம் வாங்குவதானால் ஆடிட்டரை வைத்து கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதை வெப்சைட்டில் ஊருக்கெல்லாம் அழைப்பாக விடாதீர்கள். ‘உறுதியான லாபம்’, ‘இரண்டு வருடத்தில் இரட்டிப்பு’ போன்ற சொற்கள் எந்தப் பக்கத்திலும் வேண்டாம்.

பெயர், டொமைன்

பெயரை போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக அடிக்க வேண்டும். ‘ஸ்ரீ’ என்று ஆரம்பிக்கும் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். மூன்றில் இரண்டு பேர் வேறு எங்கோ போய் நிற்பார்கள். டாட் காம் கிடைத்தால் நல்லது, டாட் இன் கிடைத்தாலும் போதும்.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வரும் முன் நான் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனையும் தன் கணக்கில் வாங்கிவிட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு வருடம் கழித்து அவர் நம்பரை மாற்றிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருக்கே போயின. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, ‘என்னங்க, உங்க வெப்சைட்ல சீட்டாட்டம் ஓடுது?’ என்றார். டொமைன் காலாவதியாகி யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள். அந்த முகவரியோடு அச்சடித்த ஆயிரம் விசிட்டிங் கார்டு என் பீரோவில் இருந்தது.

எதில் கட்டுவது

வெப்சைட் கட்ட உதவும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ் போதும். கற்றுக்கொள்ள எளிது, பிறகு ஆள் மாறினாலும் சேலத்திலேயே அதைத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். ஆயிரம் மனைகளைத் தேடும் வசதியோடு வரும் பெரிய தீம்களை (ஆயத்த வடிவமைப்புகளை) வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஆறு மனை. வெப்சைட்டை இணையத்தில் வைக்கும் இடமான ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். பூட்டுச் சின்னம் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாகவே கிடைக்கும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

முகப்பு, எங்களைப் பற்றி, மனைகள், தொடர்பு என்று நாலு பக்கம். அவ்வளவுதான். ‘எங்களைப் பற்றி’யில் உங்கள் முகம் தெரியும் போட்டோவும் ஆபீஸ் போர்டு தெரியும் போட்டோவும் இருக்கட்டும். கோட் சூட் போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம் வேண்டவே வேண்டாம்.

ஒரு மனைக்கு ஒரு பக்கம்

உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். வழக்கமாக எப்படி எழுதுகிறார்கள்? ‘ஏர்போர்ட் மிக அருகில்! ஐந்து ரோடு பத்தே நிமிடம்! குறைந்த மனைகளே உள்ளன!’ காமலாபுரம் ஏர்போர்ட் எங்கே இருக்கிறது என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். பெங்களூர் மகனுக்கு கூகுள் மேப் சொல்லிவிடும். அதே மனையை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மனை எண் 14. கிழக்குப் பார்த்தது. 30க்கு 40, மொத்தம் 1,200 சதுர அடி, அதாவது 2.75 சென்ட். முன்னால் 30 அடி தார் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து 400 மீட்டர் உள்ளே. பஸ் மெயின் ரோட்டோடு சரி, உள்ளே வராது. மின்கம்பம் மனையின் மூலையில். பக்கத்து மனையில் போர் 650 அடி, உப்பு கொஞ்சம் உண்டு. மழைக்காலத்தில் ரோட்டின் தெற்கு முனையில் தண்ணீர் நிற்கும்.’

தண்ணீர் நிற்பதை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். எப்படியும் நேரில் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லத்தான் போகிறார். அவருக்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால், மற்ற விவரங்களையும் அந்தக் குடும்பம் நம்பும். தவிர, விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்ட ஈடோ, வட்டியோடு பணமோ கேட்க ரேரா சட்டம் வழி செய்திருக்கிறது. தூரத்தை எழுதும் முன் நீங்களே ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து ரோட்டிலிருந்து பைக்கில் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தைப் போடுங்கள்.

விலையைப் போடுவதா வேண்டாமா என்று இங்கே பெரிய சண்டையே நடக்கும். ‘விலை நேரில்’ என்று போட்டால் பேரம் பேச இடம் இருக்கும் என்பது பழைய கணக்கு. என் அனுபவத்தில் விலை இல்லாத பக்கத்துக்கு வரும் போன்களில் பாதி, வாங்கும் நிலையில் இல்லாதவர்களுடையது. விலையைப் போடுங்கள், பக்கத்திலேயே பதிவுச் செலவையும் போடுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திர மதிப்பு 12 லட்சம் என்றால் 1,08,000 ரூபாய். பத்து லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. இந்த ஒரு வரிக்காகவே சிலர் உங்கள் பக்கத்தை மனைவிக்கு அனுப்பிவைப்பார்கள்.

அப்புறம் காகிதங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எண், ரேரா எண், சர்வே எண், உட்பிரிவு, எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்ற ஐந்தும் இருந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை அந்த மகனே பார்த்துக்கொள்வார். பட்டாவையும் வருவாய்த்துறையின் இ-சேவையில் பார்க்கலாம். அவரே பார்த்து உறுதி செய்தது, நீங்கள் நூறு தடவை சொல்வதைவிடப் பெரிது.

அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகள் வரன்முறை ஆகியிருக்கலாம். அது வேறு, முழு லேஅவுட்டுக்கு வாங்கிய டிடிசிபி அப்ரூவல் வேறு. இரண்டையும் ‘அப்ரூவ்டு மனை’ என்று ஒரே சொல்லில் போட்டு மறைக்காதீர்கள். எது என்று எழுதிவிடுங்கள். வங்கியில் லோன் கேட்கும்போது எப்படியும் வெளியே வந்துவிடும்.

சர்வே எண்ணைப் போட்டால் பார்ட்டி நேராக ஓனரிடம் போய்விடுவாரே என்று புரோக்கர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம். நடுவில் நிற்பவராக இருந்தால், பக்கத்தில் ‘இடத்தை நேரில் பார்த்த அன்றே சர்வே எண்ணும் நகல்களும் தரப்படும்’ என்று எழுதி, சொன்னபடி கொடுங்கள். சொந்த இடமாக இருந்தால் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மூலப்பத்திரத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள். அதில் விற்றவர், வாங்கியவர், சாட்சிகள் எல்லோருடைய விலாசமும் கையெழுத்தும் இருக்கும், கைரேகைகூட இருக்கலாம்.

ஏற்காட்டு இடம் என்றால்

மே மாதம் கோடை விழாவுக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள், இறங்கிய கையோடு ‘ஏற்காட்டில் இடம்’ என்று தேட ஆரம்பிக்கிறார்கள். மனதில் பனியும் மிளகுக்கொடியும் இருக்கும். உங்கள் பக்கம் அவர்களைக் கொஞ்சம் தரைக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் காட்டிவிட்டுச் சும்மா இறங்கி வருவீர்கள்.

மலையில் கீழே உள்ள மாதிரி லேஅவுட் போட்டுவிட முடியாது. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி குறுக்கே வரும். மரம் வெட்டவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிபந்தனைப் பட்டா நிலமாக, அதாவது அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமாக இருந்தால் விற்கவே முடியாமல் போகலாம். ஆகவே ‘காப்பித் தோட்டம், பங்களா கட்ட ஏற்றது’ என்று எழுதும் முன், கட்ட அனுமதி இருக்கிறதா, வாங்க வேண்டுமா, கிடைக்கவே கிடைக்காதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

பாதை பாத்தியம் இன்னொன்று. ரோட்டிலிருந்து இடம் வரை போகும் வழி யாருடைய எஸ்டேட்டுக்குள் போகிறது, பத்திரத்தில் அந்த உரிமை எழுதியிருக்கிறதா, செங்கல் ஏற்றிய லாரி திரும்புமா? இந்த மூன்றையும் எழுதியிருக்கும் ஏற்காட்டு விளம்பரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எழுதினால் நீங்கள்தான் முதல் ஆள். காட்டெருமை வந்து போகும் இடமாக இருந்தால் அதையும் சொல்லிவிடலாம், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும்.

போட்டோ

மலையில் காலையில் எடுங்கள். மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் எல்லைக் கல்கூடத் தெரியாது. கீழே நேர்மாறான தொல்லை: உச்சி வெயிலில் எடுத்த மனை பாலைவனம் மாதிரி இருக்கும். நாலு எல்லைக் கல், முன் ரோடு, எதிர்ப்பக்கம், மின்கம்பம் என்று ஏழு படம் போதும். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அதை வெப்பி (WebP) என்ற பட வடிவில் 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். மலையில் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டும் உங்கள் பக்கத்தைத் திறப்பார்கள்.

படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். இடத்தைச் சொல்ல விரும்பாத புரோக்கர்கள் அதை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். டிரோன் பறக்கவிடுவதானால், அரசின் டிஜிட்டல் ஸ்கை என்ற டிரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலம் என்று முதலில் பாருங்கள். ஓமலூர்ப் பக்கம் ஏர்போர்ட் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

தமிழ் எழுத்து

பிட் நோட்டீஸ் அடித்த டிடிபி கடையில் வாங்கிய வாசகத்தை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘சேலம்’, என்-ஆர்-ஒய்-கே என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். எல்லா போனிலும் தெரியும் யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். வாசகத்தைப் படமாக்கிப் போடும் குறுக்குவழியும் வேண்டாம், கூகுளால் அதைச் சரியாகப் படித்துக்கொள்ள முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் போனில் தெளிவாகத் தெரியும் இலவச எழுத்துருக்கள்.

ஊர்ப் பெயர்களை மக்கள் எப்படித் தேடுகிறார்களோ அப்படியும் எழுதிவையுங்கள். அஸ்தம்பட்டி என்றும் ஹஸ்தம்பட்டி என்றும் அடிப்பார்கள். ஆங்கிலத்தில் அடிப்பவர்களே அதிகம் என்பதால் அதே பக்கத்துக்கு ஆங்கில வடிவமும் வேண்டும்.

தொடர்பும் கூகுளும்

வாட்ஸப் பொத்தான் கட்டாயம். அழுத்தினால் ‘மனை எண் 14 பற்றி அறிய வேண்டும்’ என்ற வரி தானாக வந்து நிற்கும்படி இணைப்பு செய்யலாம். எந்த மனைக்கு ஆள் வருகிறார் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். இதற்கு ஆபீஸுக்கென்று ஒரு தனி சிம் வாங்குங்கள். படிவம் வைத்தால் பெயர், நம்பர் இரண்டு மட்டும் கேளுங்கள். ஆதார் எண் எல்லாம் கேட்காதீர்கள். வாங்கிய நம்பரை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், வேறு யாருக்கும் விற்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இலேயே சட்டம் வந்துவிட்டது.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் ஆபீஸைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வீடியோ எடுத்து அனுப்பி உறுதி செய்யச் சொன்னால், தெருவிலிருந்து ஆரம்பித்து, போர்டைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே மேஜை வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். கார்டில், வெப்சைட்டில், கூகுளில் மூன்றிலும் பெயரும் முகவரியும் ஒரே மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும்.

போட்ட பிறகு

திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விற்ற மனையைப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டாம். ‘விற்றாகிவிட்டது’ என்று மாதத்தோடு போட்டு அப்படியே விடுங்கள். ஒரு வருடத்தில் அந்தப் பட்டியலே உங்களுக்காகப் பேசும். விற்ற மனையை ‘உள்ளது’ என்று காட்டி ஆளை வரவழைத்து வேறு மனையைத் தள்ளிவிடும் பழக்கம் ஊரில் உண்டு, அதற்குத் திட்டும் கூகுள் ரிவ்யூவில் உண்டு.

வெளியிடும் முன் ஒரே ஒரு சோதனை. உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு சொந்தக்காரப் பையனிடம் போனைக் கொடுத்து, ‘மனை 14 வில்லங்கத்தைப் பார்த்துச் சொல்லு தம்பி’ என்று சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவன் எந்த இடத்தில் நின்றுபோய் உங்கள் முகத்தைப் பார்க்கிறானோ, அந்த வரியைத் திருத்திவிட்டு வெளியிடுங்கள்.